எட்டு மணி விருந்துக்கு ஒரு ரொட்டி

டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற சங்கதி இல்லை இது. இன்னொரு டம்ளருக்கும் பால் அடுப்பில் இருக்கட்டும்.

வீட்டுக்கு நாலு பேரை ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு, மேசை நடுவில் நம் கையால் சுட்ட பெரிய சவர்டோ ரொட்டியை முழுசாக வைத்து, எல்லார் கண் முன்னாலும் வெட்டிப் பரிமாற வேண்டும் என்ற ஆசை இப்போது நிறையப் பேருக்கு வந்திருக்கிறது. 2020 ஊரடங்கில் ஊரே மாவு பிசைந்தபோது தொற்றிக்கொண்ட ஆசை. செய்து பார்த்தவர்கள் பெரும்பாலும் ஒரே புகாரோடு வருகிறார்கள். "யூடியூபில் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்தேன். மாவு நிற்கவே மாட்டேன் என்கிறது. தட்டையாகப் பரந்துவிட்டது. புளிப்பு வேறு பல்லைக் கூசவைக்கிறது."

அவர்கள் கையிலும் குறையில்லை, செய்முறையிலும் குறையில்லை. அந்தச் செய்முறை குளிர்நாட்டுச் சமையலறையில் எழுதப்பட்டது. அங்கே 'அறை வெப்பம்' என்றால் 21 முதல் 24 டிகிரி. நம் சமையலறை மார்ச் பிறந்தாலே 30 டிகிரியைத் தாண்டிவிடும். வெப்பம் எட்டு, பத்து டிகிரி ஏறினால் மாவு புளிக்கிற வேகம் ஏறக்குறைய இரட்டிக்கிறது. அங்கே எட்டு மணி நேரம் என்று எழுதியிருப்பது இங்கே நாலு மணி நேரத்தில் முடிந்துவிடும். நாமும் எட்டு மணி நேரம் காத்திருந்தால் உயிர் போன மாவைத்தான் அடுப்பில் வைப்போம். நம் ஊரில் சவர்டோ சுடுகிறவருக்குத் தெரிய வேண்டியதில் முக்கால்வாசி இதுதான்: சூட்டை அடக்கத் தெரிந்தால் ரொட்டி வரும். அடக்குகிற சாமான் ஃப்ரிட்ஜ்.

மாவுக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். கடை ரொட்டியை உப்பவைப்பது ஆலையில் வளர்த்துப் பாக்கெட்டில் அடைத்த ஈஸ்ட். அது பரவலானது 19ஆம் நூற்றாண்டில்தான். அமெரிக்காவில் ஃப்ளைஷ்மன் கம்பெனி 1876 பிலடெல்பியா கண்காட்சியில் தன் ஈஸ்டைக் காட்டித்தான் பேர் வாங்கியது. அதற்கு முன்னால் ரொட்டி சுட்டவர்களுக்கு இருந்த வழி பீர் நுரை, இல்லாவிட்டால் நேற்றைய மாவில் எடுத்துவைத்த ஒரு பிடி. அந்த ஒரு பிடிதான் சவர்டோ, இப்போது ஸ்டார்ட்டர் என்கிறார்கள். அதில் காட்டு ஈஸ்டும் லாக்டிக் அமில பாக்டீரியாவும் சேர்ந்து குடியிருக்கின்றன. ஈஸ்ட் கரியமில வாயுவை விடுகிறது, மாவு உப்புகிறது. பாக்டீரியா அமிலத்தை விடுகிறது, மாவு புளிக்கிறது. அந்தப் புளிப்பில் கெட்ட கிருமிகள் தலையெடுக்க முடியாது.

இட்லிக்கு ஆட்டி வைக்கிற வீட்டில் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அங்கேயும் லூக்கோனாஸ்டாக் என்ற பாக்டீரியாதான் புளிப்பு, வாயு இரண்டையும் தருகிறது. வித்தியாசம், வாயுவைப் பிடித்து வைப்பதில். இட்லி மாவில் அந்த வேலையை உளுந்தின் வழவழப்பு பார்த்துக்கொள்கிறது. ரொட்டியில் குளூட்டன். தண்ணீர் பட்டதும் கோதுமையின் இரண்டு புரதங்கள் சேர்ந்து இழுபடுகிற வலையாகிவிடும். கொஞ்சம் அமிலம் இந்த வலைக்கு நல்லது, அளவு மீறினால் எமன். புளிப்பு ஏற ஏற, புரதத்தை அறுக்கிற நொதிகள் மாவுக்குள்ளேயே சுறுசுறுப்பாகி வலையைத் துண்டு துண்டாக்கிவிடும். ஒரு மணி நேரம் கூடுதலாகப் புளித்த இட்லி மாவு தோசைக்கு ஆகும். சவர்டோவுக்கு அந்தச் சலுகை கிடையாது.

சான் பிரான்சிஸ்கோ சவர்டோவின் புகழ் உங்கள் காதிலும் விழுந்திருக்கும். தங்க வேட்டைக் காலத்தில், 1849-இல் தொடங்கிய பூடின் பேக்கரி இன்றைக்கும் அங்கே ரொட்டி சுடுகிறது. அந்த ஊர்ப் பனிமூட்டத்துக்குத்தான் அந்தப் புளிப்பு வரும் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்க வேளாண் துறை ஆய்வகத்தில் இருந்த க்ளைன், சுகிஹாரா என்ற இருவர் அந்த மாவிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து 1971-இல் வெளியிட்டார்கள். அதன் பெயரிலேயே சான் பிரான்சிஸ்கோ ஒட்டிக்கொண்டது. அது மால்டோஸ் சர்க்கரையைத் தின்னும், கூடவே வாழும் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தொடாது. ஆகவே இரண்டுக்கும் சண்டையில்லை. பிற்பாடு பார்த்தால் அதே பாக்டீரியா ஐரோப்பிய நாடுகளின் புளித்த மாவிலெல்லாம் இருந்தது. நாலு கண்டங்களிலிருந்து வரவழைத்த 500 ஸ்டார்ட்டர்களை அலசிய ஆய்வு 2021-இல் வந்தது. எந்த ஊர் என்பதற்கும் உள்ளே என்ன குடியிருக்கிறது என்பதற்கும் பெரிய சம்பந்தமில்லை என்றுதான் அதுவும் சொன்னது. பாரிஸ் ஸ்டார்ட்டர், நூறு வருஷத்து ஸ்டார்ட்டர் என்று யாராவது விலை சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். மளிகைக் கடை ஆட்டாவில் இருப்பதே போதும்.

ஸ்டார்ட்டரைத் தொடங்குவது எளிது, பொறுத்திருப்பதுதான் பாடு. ஒரு கண்ணாடி ஜாடியில் ஆட்டா 50 கிராம், தண்ணீர் 50 கிராம். கரண்டிக் கணக்கு, கப் கணக்கு வேண்டாம். கிராம் காட்டுகிற சின்னத் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். தண்ணீரில் குளோரின் வாடை அடித்தால் கொதிக்கவைத்து ஆற்றிக்கொள்ளுங்கள். மைதாவை விட ஆட்டா மேல், ஏனென்றால் நுண்ணுயிர்கள் அதிகம் ஒட்டிக்கொண்டிருப்பது தவிட்டில். கலக்கி, மூடியை இறுக்காமல் வைத்து, மாவின் மட்டத்தில் ஜாடியைச் சுற்றி ஒரு ரப்பர் பேண்டைப் போடுங்கள். அடுத்த நாளிலிருந்து தினமும் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, மிச்சத்துக்குப் புது மாவும் தண்ணீரும் கொடுக்க வேண்டும்.

இரண்டாம் நாளே பொங்கி வழிந்தால் ஏமாந்துவிடாதீர்கள். அது ஈஸ்ட் இல்லை, மாவோடு வந்த கண்ட பாக்டீரியாவும் போடுகிற ஆட்டம். நாற்றமும் குமட்டும். மூன்றாம், நாலாம் நாளில் எல்லாம் அடங்கி, ஒரு குமிழிகூட இல்லாமல் மாவு கிடக்கும். இந்த இடத்தில்தான் பலர் செத்துவிட்டது என்று ஜாடியைக் கழுவிக் கவிழ்த்துவிடுகிறார்கள். உள்ளே வேலை அப்போதுதான் ஆரம்பிக்கிறது. அமிலம் ஏறுகிறது, முதலில் ஆடியவர்கள் அதைத் தாங்காமல் போகிறார்கள், அமிலத்தைத் தாங்குகிற ஈஸ்ட் மெல்ல எழும்புகிறது. விடாமல் தீனி போட்டால் நம் வெயிலில் ஒரு வாரம், பத்து நாளில் தயாராகிவிடும். தீனி போட்ட நாலு மணி நேரத்துக்குள் ரப்பர் பேண்டுக்கு மேல் அதே அளவு உயர வேண்டும், அடுத்தடுத்த நாட்களிலும் அப்படியே உயர வேண்டும். மேற்பரப்பு லேசாகக் குவிந்திருக்கும். மூக்கருகில் கொண்டுபோனால் மோர் வாசனையும் பழவாசனையும் கலந்து வரும். நடுவில் குழிந்து, நெயில் பாலிஷ் அழிக்கிற திரவத்தின் நெடி வந்தால் பசியில் கிடக்கிறது என்று அர்த்தம். தண்ணீரில் ஒரு சொட்டுப் போட்டு மிதக்கிறதா பாருங்கள் என்பார்கள். ஆட்டா ஸ்டார்ட்டர் நன்றாகப் பழுத்திருந்தும் மூழ்கும். ரப்பர் பேண்டையே நம்புங்கள். தினம் எடுக்கிற மாவை, நாற்றம் அடங்கிய பிறகு, கோதுமை தோசைக்குக் கரைத்துவிடலாம்.

இனி ரொட்டி மாவு. மைதா 400 கிராம், ஆட்டா 100 கிராம், தண்ணீர் 330 கிராம், பழுத்த ஸ்டார்ட்டர் 50 கிராம், உப்பு 10 கிராம். வெளிநாட்டுச் செய்முறைகளில் தண்ணீர் 375, 400 என்றெல்லாம் இருக்கும். அங்கே ரொட்டிக்கென்றே விற்கிற மாவில் புரதம் கூடுதல், அவ்வளவு தண்ணீரையும் குடித்துவிடும். நம் மைதா குடிக்காது. ஸ்டார்ட்டரும் அங்கே 100 கிராம் போடுவார்கள். நமக்கு வேகம் வேண்டாம், பாதி போதும். தண்ணீர் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததாக இருக்கட்டும்.

மாவையும் தண்ணீரையும் மட்டும் முதலில் கலந்து அரை மணி நேரம் மூடி வையுங்கள். 1974-இல் ரேமோன் கால்வெல் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர் பரப்பிய வழக்கம் இது. நாம் ஒன்றும் செய்யாமலே குளூட்டன் பாதி தானாக உருவாகிவிடும். பிறகு ஸ்டார்ட்டரையும் உப்பையும் சேர்த்துப் பிசறுங்கள். புரோட்டா மாஸ்டர் போல அடித்துப் பிசைய வேண்டியதில்லை. அரை மணிக்கொரு தடவை, ஈரக் கையால் மாவின் ஓரத்தைப் பிடித்து இழுத்து நடுவில் மடித்தால் போதும், நாலு பக்கமும். முதல் தடவை பிய்ந்து கையோடு வரும். நாலாவது தடவை கையில் ஒட்டாமல், அறுந்துபோகாமல் நீளும். தொட்டுப் பார்க்கிறவருக்கே வித்தியாசம் தெரியும்.

அப்புறம் விட்டுவிடுங்கள். 30 டிகிரியில் ஸ்டார்ட்டர் சேர்த்ததிலிருந்து நாலு மணி நேரம் சுமாராக ஆகும். இரட்டிப்பாக உயரட்டும் என்று காத்திருக்காதீர்கள், மூன்றில் ஒரு பங்கு உயர்ந்ததும் போதும். சூடாக இருக்கிற மாவு ஃப்ரிட்ஜுக்குள் போன பிறகும் குளிர்ந்து முடிகிறவரை புளித்துக்கொண்டேதான் இருக்கும். அதற்கு இடம் விட வேண்டும். மாவை உருட்டி, மேல்தோல் இறுகும்படி நம் பக்கமாக இழுத்து, ஒரு கிண்ணத்தில் துணி விரித்துக் கவிழ்த்து வையுங்கள். துணியில் தூவுவதற்கு மைதா வேண்டாம், பச்சரிசி மாவு. அதில் குளூட்டன் இல்லாததால் ஈரத்தில் பசையாகி ஒட்டாது. எடுக்கும்போது ரொட்டி துணியை விட்டு அலுங்காமல் வரும். ஃப்ரிட்ஜில் கீழ்த்தட்டு, பின்பக்கம். அடிக்கடி திறக்கிற கதவருகே வைத்தால் நாம் நினைக்கிற குளிர் இருக்காது. நாலு டிகிரிக் குளிரில் ஈஸ்ட் ஏறக்குறையத் தூங்கிவிடும். புளிப்பு மெல்ல ஏறி ருசி கூடும். 12 மணி நேரமும் தாங்கும், 18 மணி நேரமும் தாங்கும். எட்டு மணி விருந்துக்குக் கணக்குப் போட முடிவது இதனால்தான்.

சுடுவதில் பெரிய விஷயம் நீராவி. ரொட்டி அடுப்புக்குள் போனதும் உள்ளிருக்கிற வாயு விரிந்து அதைத் தூக்கும். அந்த நேரத்தில் மேல்தோல் காய்ந்துவிட்டால் ரொட்டி வளராது. ஈரமாக இருந்தால் நெகிழ்ந்து கொடுக்கும், பிறகு அதே ஈரத்தில் மேல் மாவுச்சத்து வெந்து பளபளப்பான மொறுமொறுத் தோலாகும். நம் வீட்டு ஓடிஜி அடுப்பு நீராவியைத் தங்கவிடாது. அதனால் மூடிபோட்ட கனத்த இரும்புப் பாத்திரம் வேண்டும். 2006-இல் நியூயார்க் டைம்ஸில் ஜிம் லேஹியின் 'பிசையாத ரொட்டி' வந்த பிறகு உலகம் முழுக்க வீடுகளில் பரவிய உபாயம் இது. ரொட்டியிலிருந்து வருகிற நீராவியே பாத்திரத்துக்குள் சிறைப்பட்டு வேலை செய்கிறது. விலை கொடுத்து வெளிநாட்டுப் பாத்திரம் வாங்கத் தேவையில்லை. அடுப்புக்குள் நுழைகிற அளவில் ஒரு இரும்புத் தோசைக்கல், அதன்மேல் கவிழ்க்க ஒரு இருப்புச்சட்டி இருந்தால் ஆயிற்று. பிளாஸ்டிக், மரக் கைப்பிடி எதிலும் இருக்கக் கூடாது. மண்சட்டியைச் சூடாக்கி அதில் குளிர்ந்த மாவை வைத்தால் விண்டுவிடலாம், வேண்டாம்.

அடுப்பை அது எட்டுகிற உச்சச் சூட்டில், 230 அல்லது 250 டிகிரியில், பாத்திரத்தோடு முக்கால் மணி நேரம் காயவிடுங்கள். மாவை ஃப்ரிட்ஜிலிருந்து நேரே எடுத்துக் காகிதத்தில் கவிழ்த்து, புது பிளேடால் ஒரே இழுப்பில், சாய்வாக, ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கீறுங்கள். குளிர்ந்த மாவு பிளேடுக்கு வளைந்து கொடுக்காமல் சுத்தமாகக் கீறப்படும். கீறாவிட்டால் தனக்குத் தோன்றிய இடத்தில் வெடித்துக்கொள்ளும். காகிதத்தோடு சூடான பாத்திரத்தில் இறக்கி, மூடி 20 நிமிஷம், மூடியை எடுத்து இன்னொரு 20 நிமிஷம். பழுப்பு நிறம் வந்ததும் பயந்து எடுத்துவிடாதீர்கள். காபிக்கொட்டை நிறத்தின் பக்கம் போகிறவரை விடுங்கள், ருசி முழுக்க அந்தத் தோலில் இருக்கிறது. உள்ளே கம்பி வெப்பமானியைச் செருகினால் 96, 98 டிகிரி காட்ட வேண்டும்.

எடுத்ததும் கம்பித் தட்டில் வைத்தால் தோல் குளிர்ந்து சுருங்கி, சடசடவென்று வெடிக்கிற சத்தம் கேட்கும். வீட்டிலுள்ள எல்லாரும் கத்தியோடு வந்து நிற்பார்கள். விரட்டிவிடுங்கள். ரொட்டிக்குள் வேக்காடு இன்னும் முடியவில்லை. வெந்த மாவுச்சத்து ஆறும்போதுதான் இறுகி நிலைக்கும், உள்ளே தங்கிய ஈரமும் அப்போதுதான் பரவும். சூட்டோடு வெட்டினால் கத்தியில் பிசின் போல இழுக்கும், என்னதான் நன்றாக வெந்திருந்தாலும் வேகாத மாவைத் தின்பதுபோல இருக்கும். குறைந்தது இரண்டு மணி நேரம். விருந்துக்காரர் வரும்போது அடுப்பிலிருந்து எடுக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்குச் சவர்டோ சரிப்படாது, அவர்கள் பீட்சா போடலாம்.

ஆக, சனிக்கிழமை எட்டு மணிச் சாப்பாட்டுக்குப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால் இப்படி வரும். ஐந்து மணிக்கு ரொட்டி வெளியே வர வேண்டும். நாலேகாலுக்கு உள்ளே, மூன்றரைக்கு அடுப்பு. முந்தின ராத்திரி பத்தரைக்கு மாவு ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டும். அதற்கு வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு, வேலையிலிருந்து வந்ததும் கலக்க வேண்டும். அன்று காலையில் கிளம்பும்போது 5 கிராம் ஸ்டார்ட்டரில் 50 கிராம் மாவும் 50 கிராம் தண்ணீரும் கலந்துவிட்டுப் போனால் சாயங்காலம் பழுத்திருக்கும். தீனியை இவ்வளவு கூட்டிப் போடுவதும் வெயிலுக்காகத்தான். ஒன்றுக்கு ஒன்று போட்டால் மதியத்துக்குள் தின்று தீர்த்துவிட்டுக் குழிந்துபோயிருக்கும்.

ரொட்டி நடுநாயகமாக நிற்க வேண்டுமென்றால் மற்றவை அதற்கு ஒதுங்கிக்கொடுக்க வேண்டும். பிரியாணிக்குப் பக்கத்தில் வைத்தால் எந்தச் சவர்டோவையும் ஒருவரும் சீண்டமாட்டார்கள். பாரிஸில் ஷெர்ஷ்-மிடி தெருவில் 1932-இல் தொடங்கிய புவலான் கடையின் உருண்டை ரொட்டி ஏறக்குறைய இரண்டு கிலோ. மேலே 'பி' என்ற எழுத்தைக் கீறித்தான் சுடுகிறார்கள். அங்கே அதற்கு வெண்ணெய், பாலாடைக்கட்டி, சூப் இவ்வளவுதான் துணை. நம் மேசையில் ஆட்டுக்கால் பாயா, தேங்காய்ப்பால் ஊற்றிய ஸ்டூ, கெட்டியான பருப்பு, இப்படி நனைக்கத் தோதான ஒன்றோ இரண்டோ போதும். இலங்கைத் தமிழர் வீடுகளில் பாண் என்கிற ரொட்டியைச் சொதியிலும் பருப்பிலும் தோய்த்துச் சாப்பிடுவது அன்றாட வழக்கம். இந்த ரொட்டிக்கும் அது அப்படியே பொருந்தும், சம்பல் இருந்தால் இன்னும் விசேஷம். பல் வைத்த கத்தியால் முதலில் பாதியாக வெட்டி, வெட்டிய பக்கத்தைப் பலகையில் கவிழ்த்து, பிறகு துண்டு போடுங்கள். உருளாது, நசுங்காது. முக்கால் கிலோ சுமாருக்கு வருகிற இந்த ரொட்டி ஆறு பேருக்குக் காணும். குளூட்டன் அறவே ஆகாதவர் யாராவது வருகிறார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். புளிக்கவைத்தால் குளூட்டன் போய்விடும் என்று சிலர் சொல்வதை நம்பி அவர்களுக்குக் கொடுத்துவிடக் கூடாது.

மீந்ததை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், அந்தக் குளிரில்தான் ரொட்டி வேகமாகக் காய்ந்து விறைக்கும். வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி பலகையில் கவிழ்த்தால் அடுத்த நாளைக்குத் தாங்கும். அதற்கு மேல் என்றால் துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்து, வேண்டும்போது தோசைக்கல்லில் வாட்டிக்கொள்ளலாம். மிச்ச ஸ்டார்ட்டரை மட்டும் ஃப்ரிட்ஜில் வையுங்கள், வாரத்துக்கு ஒருமுறை தீனி போட்டால் போதும். ஜாடியை இன்றைக்கே கலக்கி வைத்தாலும் வருகிற சனிக்கிழமைக்கு ஆகாது. அதற்கடுத்த சனிக்கிழமையும் நமக்கு நாமே சுட்டுப் பார்க்கத்தான். விருந்தாளிகளுக்கு மூன்றாவது சனிக்கிழமை என்று சொல்லிவையுங்கள்.